ஊருக்குப் பாடிய தாயின் கவலை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் தை மாத அறுவடை முடிந்து களம் வெறுமையானதும், ஊர்தோறும் மேளச் சத்தம் எழத் தொடங்குகிறது. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழாக்கள் தொடர்ந்து வருகின்றன. ஒருபுறம் அம்மன் கோயில்களில் காப்புக் கட்டுகிறார்கள்; மறுபுறம் நம் ஆலயங்களில் கொடியேற்றி, தேர்ப்பவனிக்கு நாள் குறிக்கிறார்கள். நையாண்டி மேளமும் கரகமும் தப்பும் கிராமியப் பாட்டும் இல்லாத திருவிழாவை இந்த மண்ணில் காண்பது அரிது.

அந்தி சாயும் நேரத்தில் ஒரு வேன் வந்து நிற்கிறது. கலைஞர்கள் இறங்குகிறார்கள், ஒப்பனை செய்துகொள்கிறார்கள், விடிய விடியப் பாடி ஆடுகிறார்கள். கோழி கூவும் வேளையில் கருவிகளைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். அவர்கள் பாடிய பாட்டு நம் காதில் பல நாள் ஒலிக்கிறது. ஆனால், பாடிய அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு உண்டு, அவ்வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளை உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஊர் ஊராய்ச் சென்று பாடும் கலைஞரின் பெற்றோர் உள்ளத்தைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். அவர்களுடைய கவலையும் நம்பிக்கையும் நமக்கு அந்நியமானவை அல்ல.

பாட்டில் பொன் தொட்டில்

கிராமியப் பாடல்களுள் மூத்தது தாலாட்டு என்பர். ஏட்டில் எழுதப்படாமல், தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் வாய்வழியே வந்த செல்வம் அது. அதில் ஒரு விந்தையைக் காணலாம். பாடுகிறவள் கூலிக்குக் களையெடுக்கும் பெண். தொட்டிலோ பழஞ்சேலையில் கட்டிய ஏணை. ஆனால் பாட்டிலே அத்தொட்டில் பொன்னாகிவிடுகிறது! தாய்மாமன் யானை மீதேறிச் சீர்வரிசை கொண்டு வருகிறான். முத்தும் பவளமும் மரக்காலால் அளக்கப்படுகின்றன.

இதைப் பொய் என்று தள்ளிவிடலாமா? ஆகாது. இல்லாததை இருப்பதாகச் சொல்லிக் குழந்தையை ஏமாற்றுவது தாயின் நோக்கம் அன்று. இன்று இல்லாதது நாளை என் பிள்ளைக்குக் கிடைக்கும் என்னும் அவளுடைய நம்பிக்கையே அவ்வாறு பாட்டாகிறது. ஏழைத் தாய் தன் பிள்ளைக்கு எழுதி வைக்கும் முதல் சொத்து அது.

தாலாட்டைப் பாடும் அதே வாய்தான் ஒப்பாரியையும் பாடுகிறது. ஆகையால் கிராமியப் பாடகியின் நம்பிக்கை, துன்பம் அறியாதவரின் நம்பிக்கை அன்று. துன்பத்தை நன்கு அறிந்த பின்னும் கைவிடாத நம்பிக்கை.

வழியில் இருக்கும் பெற்றோர்

திருவிழாவுக்குப் பாட அழைப்போர், வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுப்பது வழக்கம். அச்சாரத்தைக் கையில் வாங்கிய பின் சொல் மாறக்கூடாது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலும், அன்றிரவு மேடை ஏறியே தீரவேண்டும். தை முதல் ஆடி வரை ஈட்டுவதைக் கொண்டே ஆண்டு முழுவதையும் ஓட்டியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் பறையும் தவிலும் பரணில் உறங்க, கலைஞர் பலர் கூலி வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கின்றனர்.

இது கலைஞர் வீட்டுக் கதை மட்டும் அன்று. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்காக இரவும் பகலும் லாரி ஓட்டும் தந்தையர் நம்மிடையே உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் கரும்பு வெட்டவும் செங்கற்சூளையில் கல் அறுக்கவும் வெளியூர் செல்லும் குடும்பங்கள் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பலர். பிள்ளைக்காகவே பிள்ளையைப் பிரிந்து வாழ்வது நம் நாட்டுப் பெற்றோருக்குப் பழகிப் போன வேதனை.

நம் பகுதியின் இலக்கியப் பெருமையும் இத்தகைய ஒரு தந்தையோடு பிணைந்திருப்பதை இங்கே நினைவுகூரலாம். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணிபுரிந்த வீரமாமுனிவர், 3,615 விருத்தங்களால் ஆகிய தேம்பாவணிக் காப்பியத்தைத் தமிழுக்கு அளித்தார். அதன் தலைவர் அரசர் அல்லர், போர்வீரரும் அல்லர். தச்சுத் தொழிலாளியும் திருக்குழந்தையின் வளர்ப்புத் தந்தையுமாகிய புனித சூசையப்பரே. குழந்தையின் உயிரைக் காக்க, இரவோடு இரவாக எகிப்து நாட்டுக்குப் புறப்பட்ட அந்தத் தந்தையும் வழியில் இருந்த பெற்றோரே. அதே முனிவர், கிராமத்துப் பெண்கள் காய்களை எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டே பாடும் அம்மானை வடிவத்தைக் கையாண்டு, கித்தேரியம்மாள் அம்மானையையும் இயற்றினார். நாட்டுப்புறப் பாட்டை எளியதென்று எண்ணி அவர் ஒதுக்கவில்லை.

வானொலிப் பெட்டியை விற்ற தாய்

ஊர் சுற்றிப் பாடும் குடும்பம் என்றதும் தமிழ்நாட்டில் பலர் நினைவுக்கு வருவது பண்ணைப்புரம். தேனிப் பகுதியைச் சேர்ந்த அவ்வூரிலிருந்து பாவலர் வரதராசன் என்பார், தம்பியரைக் கூட்டிக்கொண்டு, ஆர்மோனியப் பெட்டியுடன் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளில், மக்கள் படும் பாட்டைப் பாடிய குழு அது. தம்பியருள் ஒருவரே பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்தவர்.

1968-ஆம் ஆண்டு, திரைப்படத் துறையில் வாய்ப்புத் தேடிச் சென்னைக்குச் செல்ல அவர் புறப்பட்டபோது, கையில் பணம் இல்லை. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே மகனிடம் கொடுத்தனுப்பினார் என்பதை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் இசை கேட்பதற்கென்று இருந்த ஒரே பெட்டியை விற்று, மகனின் இசைக்கு வழிச்செலவு கொடுத்தார் அத்தாய்!

அதன் பின்னும் எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1976-இல் 'அன்னக்கிளி' திரைப்படம் வெளிவந்தபோதுதான், கிராமத்து மெட்டுகள் திரையரங்குகளிலும் தேநீர்க் கடைகளிலும் முழங்கின. குழுவை நடத்திய மூத்தவர் வரதராசன் 1973-இலேயே மறைந்துவிட்டார். தம்பியின் வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. விதைத்தவர் யாவரும் அறுவடையைக் காண்பதில்லை. எனினும் அவர்கள் விதைக்காமல் இருந்துவிடவில்லை.

பெற்றோரின் நம்பிக்கை என்றதும் நாம் வழக்கமாகச் சொல்வது இத்தகைய கதையைத்தான். பிள்ளை புறப்படுகிறான், பாடுபடுகிறான், வெற்றி பெறுகிறான், தாய் பூரிக்கிறாள். பங்கு விழாக்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் நாம் விரும்பிக் கேட்பதும் இதுவே. ஆனால் புறப்பட்டுச் செல்ல இயலாத பிள்ளையைப் பெற்ற தாய்க்கு நாம் எந்தக் கதையைச் சொல்வது?

பரவையில் ஒரு தாய்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வையை ஆற்றுக்கு அருகே பரவை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சென்றவர் பரவை முனியம்மா. கோயில் திருவிழாக்களில் கிராமியப் பாடல்களைப் பாடிப் பெயர் பெற்றவர். ஒலிபெருக்கியே வேண்டாம் என்னும்படி கணீரென்ற குரல். கூடியிருப்போரைக் குலுங்கச் சிரிக்க வைக்கும் பேச்சு.

அறுபது வயதைக் கடந்த பின்னரே திரையுலகம் அவரைக் கண்டுகொண்டது. 2003-இல் வெளிவந்த 'தூள்' திரைப்படத்தில் அவர் பாடி நடித்த பாட்டு, ஒரே நாளில் அவரைப் பட்டிதொட்டியெங்கும் அறிமுகப்படுத்தியது. அதன் பின் பல படங்களில் பாட்டியாக வந்தார். தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையலும் செய்து காட்டினார். தமிழக அரசின் கலைமாமணி விருதும் அவரைத் தேடி வந்தது. ஊரார் கண்ணுக்கு அது நிறைவான வாழ்வாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் வீட்டிலே அவருக்கு ஒரு கவலை இருந்தது. அவருடைய மகன் ஒருவர் மாற்றுத்திறனாளி. தாயின் துணையின்றி வாழ இயலாதவர். 2015-இல் முனியம்மாவின் உடல்நலம் குன்றியபோது, மருத்துவச் செலவுக்கே திண்டாடும் நிலை ஏற்பட்டது. செய்தி வெளியானதும் கலையுலகத்தினர் சிலர் உதவினர். அரசும் அவருக்கு மாதந்தோறும் 6,000 ரூபாய் கிடைக்க வகை செய்தது.

நோயும் முதுமையும் மேலும் வாட்டிய கடைசிக் காலத்தில், முனியம்மா வெளிப்படையாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். தமக்குப் பட்டமோ பணமோ கேட்கவில்லை. தாம் இறந்த பின், தமக்கு வரும் அந்த உதவித்தொகையைத் தம் மகனுக்குத் தொடர்ந்து வழங்கவேண்டும் என்பதே அவர் கேட்டது.

அவ்வேண்டுகோளின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் இறந்தால், உழைத்துப் பிழைக்க இயலாத அவருடைய மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகளில் இடம் உண்டு. அரை நூற்றாண்டு ஊருக்கெல்லாம் பாடினாலும், திருவிழாப் பாடகிக்கு அத்தகைய ஓய்வூதியம் இல்லை. அச்சாரம் வாங்கினால் கூலி. குரல் ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்தது. பிள்ளைக்கு விட்டுச் செல்ல அவரிடம் இருந்தது அந்த ஒரு வேண்டுகோளே.

2020 மார்ச்சு 25-ஆம் நாள், கொரோனா நோயினால் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அதன் ஐந்தாம் நாளாகிய மார்ச்சு 29-ஆம் நாள் முனியம்மா கண் மூடினார். ஆயிரக்கணக்கானோர் கூடிய மேடைகளில் பாடியவரை வழியனுப்ப மக்கள் திரண்டு கூட இயலாத நாள்கள் அவை. அந்த ஆண்டில் பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக்களே இல்லாமற் போனதால், நம் வட்டாரம் உட்படத் தமிழ்நாடெங்கும் கிராமியக் கலைஞர்கள் ஓராண்டுப் பிழைப்பையும் இழந்து தவித்தனர்.

அடைத்த கதவு

ஊர் சுற்றும் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதைகளுள் நல்லதங்காள் கதையும் ஒன்று. பஞ்சத்தால் வாடிய தாய், தன் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணனோ ஊரில் இல்லை. அண்ணன் மனைவி மூளியலங்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். பசித்த பிள்ளைகளை அவமதித்து விரட்டுகிறாள். மனமுடைந்த தாய், பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்து மடிகிறாள். இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விடாத கிராமம் இல்லை.

அந்தத் தாயைக் கொன்றது எது? பஞ்சம் என்று உடனே சொல்லிவிடுவோம். பஞ்சத்தோடுதான் அவள் தன் ஊரிலிருந்து நடந்து வந்தாள். வழி நெடுகிலும் பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டே வந்தாள். மாமன் வீடு இருக்கிறது என்ற ஒரே நினைவு அவளை நடக்க வைத்தது. கதவு அடைபட்ட பின்னரே அவள் கிணற்றை நோக்கித் திரும்பினாள்.

ஆகவே, நம்பிக்கை என்பது ஒரு தாயின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் பொருள் அன்று. அவளுடைய நம்பிக்கையில் பாதி, அவள் தட்டும் கதவுக்குப் பின்னால் இருக்கும் நம்மிடம் இருக்கிறது. 'நம்பிக்கையோடு இருங்கள், அம்மா' என்று அறிவுரை கூறிவிட்டு நம் கதவைச் சாத்திக்கொள்வோமானால், அச்சொல்லால் யாருக்கு என்ன பயன்?

தாலாட்டில் வரும் தாய்மாமன் ஏன் அவ்வளவு சீர் கொண்டு வருகிறான் என்பதும் இப்போது விளங்குகிறது. தன் பிள்ளைக்குத் தன்னையன்றி இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று பாடினால்தான் தாய்க்கு உறக்கம் வருகிறது. பரவை முனியம்மா அரசிடம் கேட்டதும் இதுவே: எனக்குப் பின் என் மகனுக்கு ஒருவர் வேண்டும்.

நம் பங்குகளிலும் ஊர்களிலும்

'எனக்குப் பின் என் பிள்ளையை யார் பார்ப்பார்?' என்னும் கேள்வி பரவையோடு நின்றுவிடவில்லை. செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பு ஊர்களிலும், பெரம்பலூரின் பருத்தி, மக்காச்சோளக் காடுகளை ஒட்டிய ஊர்களிலும், அதே கேள்வியுடன் உறங்காதிருக்கும் பெற்றோர் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் அவர்களைக் காண்பது அரிது. பிள்ளையை விட்டுவிட்டு வர இயலாது. கூட்டி வந்தாலோ பிறர் பார்வையைத் தாங்க இயலாது. அவர்களுக்கென்று உள்ள சில வழிகளையேனும் நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனைக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, 18 வயது நிறைந்த அத்தகையோருக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த உள்ளூர்க் குழு மனுவை ஆராய்ந்து ஆணை வழங்குகிறது. பெற்றோர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே, தமக்குப் பின் பொறுப்பேற்பவர் யார் என்பதை உறவினரோடு கலந்து பேசி முடிவு செய்துகொள்வது அறிவுடைமை. அதே அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டுத் திட்டம், மருத்துவச் செலவுக்கு ஓராண்டில் ஓர் இலட்சம் ரூபாய் வரை தருகிறது.

அறிவுசார் குறைபாடு உடையோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முதலியோருக்குத் தமிழக அரசு வழங்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை, 2023 சனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனித்துவ அடையாள அட்டை பெற்றிருத்தல் இவற்றுக்கெல்லாம் முதற்படி. முன்னாளில் இவ்வட்டாரத்தார் எதற்கும் திருச்சிக்கே செல்ல வேண்டியிருந்தது. 1995-இல் பெரம்பலூரும் 2007-இல் அரியலூரும் தனி மாவட்டங்களாக அமைந்துவிட்டதால், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இப்போது இரு மாவட்டத் தலைநகரங்களிலும் இயங்குகிறது.

கலைஞர்களுக்கென்று 2007-இல் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்ட கலைஞரின் பிள்ளைகள் கல்வி உதவி பெறலாம். திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. ஊர் ஊராய் அலைவோருக்குப் படிவம் நிரப்பவும் சான்றிதழ் பெறவும் நேரம் வாய்ப்பதில்லை. திருவிழாவுக்கு அவர்களை அழைத்து வரும் விழாக் குழுவினர், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதோடு, 'வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டு, படித்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினால், அதுவும் பெரிய அறமே.

சட்டமும் தொகையும் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வரவேற்கவேண்டியது மனிதரே. ஒரு தாய்க்கு மாதத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்படி, அண்டை வீட்டார் அந்தப் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு வழிபாட்டுக்கு அக்குடும்பத்தைத் தம்மோடு அழைத்து வரலாம். அந்தப் பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்கலாம். ஞானத் தாய், ஞானத் தந்தை என்று திருமுழுக்கின்போது நாம் ஏற்கும் உறவு, புத்தாடை எடுத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும் உறவா? தாலாட்டில் வரும் தாய்மாமனைப் போல, பெற்றோருக்குப் பின்னும் இருப்போம் என்று சொல்லும் உறவு அல்லவா அது?

இவ்வாண்டுத் திருவிழாவில் மேளம் முழங்கி, ஒரு பெண்ணின் குரல் ஓங்கி ஒலிக்கும்போது, கேட்டு மகிழ்வோம், கைதட்டுவோம். பாட்டு முடிந்து அவர் கீழே இறங்கி வந்ததும், ஒரு குவளை மோரைக் கொடுத்து, 'வீட்டிலே பிள்ளைகள் நலமா, அம்மா?' என்று கேட்போம். அவர் தரும் விடைக்குக் காது கொடுக்கச் சிறிது நேரம் நிற்போமாக.